தனுஷ்கோடிக்கு ஓர் அஞ்சலட்டை

தூத்துக்குடிக் கடற்கரையில் வயது முதிர்ந்தவர்களிடம் சற்றே பேச்சுக் கொடுத்தால், ‘போட் மெயில்’ என்னும் சொல் ஒரு முறையேனும் வந்து விழும். “எங்க காலத்துல கொழும்புக்கு ரயில் போச்சு” என்பார்கள். கடல்மேல் ரயில் ஓடாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள். கரை முடியும் இடத்தில் ரயில் நிற்க, அது இறக்கிவிட்ட மனிதர்களைக் கப்பல் ஏற்றிக்கொள்ள, அக்கரையில் மற்றொரு ரயில் காத்திருக்க, இவை மூன்றும் சேர்ந்து ஒரே பயணமாக அவர்கள் நினைவில் பதிந்துவிட்டன. அந்தப் பயணத்தின் நடுவே, இந்திய மண்ணின் கடைசி நுனியில், ஒரு ரயில் நிலையம் இருந்தது. இன்று அதன் சுவர்கள் சில மட்டும் நிற்கின்றன. இறந்தோரை நினைக்கும் நவம்பர் வரும்போதெல்லாம் நம் நெஞ்சு அந்தச் சுவர்களிடம் போய் நிற்கிறது. அதற்கான காரணத்தை இதுவரை நாம் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறோம்.

இருப்புப் பாதை தூத்துக்குடியை எட்டியது 1876ஆம் ஆண்டில். அன்று முதல் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர்க்கு எம் ஊரே வாசல். ரயிலிலிருந்து இறங்கி, கப்பலேறி, ஓர் இரவைக் கடலில் கழித்துக் கொழும்பு சேர்வார்கள். அக்காலத்துத் துறைமுகம் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிடும். பயணிகளையும் மூட்டை முடிச்சுகளையும் சிறு படகுகளிலும் தோணிகளிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வேலையில்தான் கரையோரத்துக் குடும்பங்கள் பல பிழைத்தன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்ட கூலித் தொழிலாளர்களும் இவ்வழியே சென்றனர். ஊருக்கு அருகே தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்யும் முகாம் இருந்தது.

நம் நாட்டின் விடுதலை வரலாறும் இந்தத் தடத்தைத் தொட்டே செல்கிறது. வ. உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் ஆஷ் துரை வாஞ்சிநாதனால் சுடப்பட்டபோது, அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தது தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலைத்தான்.

எம் பாட்டனார் அந்த நாட்களில் இறங்குதுறையில் சுமை ஏற்றி இறக்கியவர். சீமைத் துரைமாரின் தோல் பெட்டிகளையும், தோட்டத்துக்குப் போகும் ஏழைகளின் துணி மூட்டைகளையும் ஒரே தோளில் சுமந்தவர். துரைமாரின் பெட்டிகளே கனம் அதிகம் என்று எல்லாரும் நினைப்பார்கள். அவரோ, “அந்தத் துணி மூட்டைதாம்லே கனம், அதுக்குள்ள ஊரே இருக்கும்” என்பாராம். அவர் சொன்னதை எம் தந்தை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1914இல் அந்தப் பிழைப்பு நின்றது. பாம்பன் கால்வாயின் மேல் 145 தூண்களில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்புப் பாலம் எழுந்து, அவ்வாண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. போட் மெயில் இனித் தூத்துக்குடிக்கு வாராது. அது இராமேசுவரம் தீவுக்குள் நுழைந்து தனுஷ்கோடி வரை செல்லும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி ஏறத்தாழ 35 கிலோமீட்டரே. இரவு முழுவதும் கடலில் குலுங்கிய பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. சென்னையில் வாங்கும் ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்லலாம். ஊர்கள் நெருங்கின என்று உலகம் மகிழ்ந்தது. எம் கரையிலோ படகுகள் வெறுமனே கிடந்தன.

ரயில் போன வழியே பிழைப்பும் போகும். எம் பாட்டனாரின் இளைய சகோதரர் மனைவியோடு தனுஷ்கோடிக்குக் குடிபெயர்ந்தார். அண்ணன் இங்கே தோணித் துறையில் ஒதுங்கிக்கொள்ள, தம்பி அங்கே கப்பல் துறையில் சுமை தூக்கினார். அவர் மகளே எமக்கு அத்தை. அத்தை பிறந்ததும் வளர்ந்ததும் மணமுடித்ததும் அந்த மணல் திட்டில்தான்.

தனுஷ்கோடியின் நிலத்தைப் பாராதவர்களுக்கு ஒரு சொல். தீவின் தென்கிழக்கே ஒரு கை நீட்டியது போல மணல் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. அகலம் மிகக் குறைவு. நடுவில் நின்றால் இரு கடல்களின் ஓசையும் கேட்கும். அந்தக் கையின்மேல் ஒரு முழு ஊர் இருந்தது. ரயில் நிலையம், கப்பல் துறை, சுங்க அலுவலகம், அஞ்சல் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஆலயம், கோவில், சத்திரங்கள், கடைவீதி. பாம்பனிலிருந்து பாதை இரண்டாகப் பிரியும்; ஒன்று இராமேசுவரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு. தீர்த்தமாட வந்த யாத்திரிகர்களும், வியாபாரிகளும், மண்டபம் முகாமில் சோதனை முடிந்த தோட்டத் தொழிலாளர்களும் அந்த நிலையத்தில் இறங்கிக் கப்பலுக்கு நடந்தார்கள்.

அத்தை எம் ஊருக்கு வருவது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அல்லது ஆகஸ்ட் 5 பனிமய அன்னை திருவிழாவுக்கு. பாம்பன், மானாமதுரை, மதுரை, மணியாச்சி என ரயில் மாறி மாறி வரவேண்டும். கை நிறையச் சிப்பி, சங்கு, கருவாடு. எம் வயதொத்த அவர் பிள்ளைகள் மூவரும், “உங்க ஊர்ல ரயில் வந்து வெறுமனே நிக்குதே, கப்பல் எங்க?” என்று கேட்டு எம்மைச் சீண்டுவார்கள். அத்தை சிரித்தபடி, “எங்க ஊர்ல ரயிலும் கப்பலும் ஒரே திண்ணையில ஒக்காந்து பேசிக்கிடும்” என்பார். அந்தத் திண்ணையைப் பார்க்க வேண்டும் என்பது எம் இளமைக் காலத்து ஆசைகளில் தலையாயது.

1964இல் நமக்கு வயது பதினொன்று. தந்தை அப்போது கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டல். கடலையும் காற்றையும் படிக்கத் தெரிந்தவர். எழுத்து மட்டும் அவருக்கு அரைகுறை. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும் நம் வேலை. அவ்வாண்டு ஒரு வழக்கு குடும்பத்துக்குள் புகுந்திருந்தது. பாட்டனார் விட்டுச்சென்ற வீட்டில் இளையவர் வழிக்கும் பங்குண்டு என அத்தையின் கணவர் யாரிடமோ சொன்னாராம். அச்சொல் பல வாய்களில் பருத்து எம் தந்தையின் காதை அடைந்தது. சிறிய வீடு, இரண்டு அறை, ஒரு முற்றம். அதில் பங்கு கேட்டால் எதைக் கொடுப்பது?

டிசம்பர் தொடக்கத்தில் அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் புறப்பட்டு வருவதாகவும், கிறிஸ்து பிறப்பை எம்மோடு கொண்டாடி, வீட்டைப் பற்றி வந்த பேச்சையும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் எனவும் எழுதியிருந்தார். நாம் உரக்கப் படித்தோம். தந்தை வெகுநேரம் பேசவில்லை. பின்பு ஓர் அஞ்சலட்டை எடுத்துவரச் சொன்னார். அவர் சொன்னார்; நாம் எழுதினோம். “இந்த வருசம் வர வேண்டாம். அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம்.” அவ்வளவே. கீழே அன்புடன் என்று நாமாகவே ஒரு சொல்லைச் சேர்த்தோம். அஞ்சல் பெட்டியில் போட்டதும் நாமே.

டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியது. அது புயலாகி மேற்கே நகர்ந்து, 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்து மணல் திட்டின்மேல் ஏறிற்று. அந்நிலத்தில் ஓடி ஏற ஒரு மேடு கிடையாது. ஒரு கடலிடமிருந்து ஓடினால் மற்றொரு கடலிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

அவ்விரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது 653ஆம் எண் பயணிகள் ரயில். பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. சீட்டு இல்லாமல் ஏறியோரும் உண்டு என ஊரார் சொல்வர். நிலையத்துக்குச் சற்று முன்னால், கைகாட்டி விளக்கு எரியாததால் ஓட்டுநர் நிறுத்திக் காத்திருந்தார் என்றும், பின்னர் துணிந்து ரயிலை நகர்த்தினார் என்றும், அப்போது பேரலை அதை மூடிற்று என்றும் எழுதியிருக்கிறார்கள். தப்பியவர் ஒருவரும் இல்லாத ரயிலில் ஓட்டுநர் துணிந்தார் என்பதை எவர் கண்டு சொன்னார்? அந்தக் கடைசி நிமிடங்கள் அவர்களுக்கும் கடவுளுக்கும் மட்டுமே உரியவை என்று நாம் நினைக்கிறோம். அந்த மனிதர்மீது துணிவையோ பிழையையோ ஏற்றிச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

தந்திக் கம்பிகள் அறுந்துபோனதால் செய்தி வெளியே வர நாட்களாயின. இறந்தோர் 1,800க்கும் மேல் எனக் கணக்கிட்டார்கள். பாம்பன் பாலத்தில் 126 இரும்புத் தூலங்கள் கடலுக்குள் போயின. கிறிஸ்து பிறப்பு விழாவின் அதிகாலைத் திருப்பலி முடிந்து வந்தபோது, தெருவில் செய்தித்தாளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. தந்தை எட்டிப் பார்த்தார். படிக்கச் சொல்லி நம்மை அழைக்கவில்லை. வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் முகத்தையே பார்த்தபடி நின்றார். அன்று மாலையே ஒரு துணிப்பையோடு புறப்பட்டார்.

மண்டபம் வரை சென்று, அங்கிருந்து படகில் தீவுக்குப் போயிருக்கிறார். இராமேசுவரத்தில் தங்கவைக்கப்பட்டவர்களிடையே தேடினார், மண்டபத்திலும் தேடினார். மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிறகு திரும்பி வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “ஒண்ணும் இல்ல” என்றார். அத்தை, மாமா, பிள்ளைகள் மூவர், ஐந்து பேர். ஓர் உடலும் கிடைக்கவில்லை. எம் அஞ்சலட்டை போய்ச் சேர்ந்ததா, அத்தை அதைப் படித்தாரா, படித்து வருந்தினாரா என்பது இன்றுவரை நமக்குப் பதிலில்லாத கேள்வி.

பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் கிடந்த தூலங்களை மீட்டெடுத்து, 46 நாட்களில் அவர் பாலத்தை மீண்டும் நிறுத்தினார். ஆனால் பாலத்தைத் தாண்டிய ரயில் இராமேசுவரத்தோடு நின்றது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. பாதை மீண்டும் போடப்படவில்லை. ரயில்வேயின் கால அட்டவணையிலிருந்து ஒரு வரி நீங்கிற்று. அந்நிலையத்துக்குப் பிரிவு விழா கிடையாது. கடைசி வண்டிக்கு மாலை சூட்டுவோரும் இல்லை.

நம் கரையில் மறைந்த ரயில் அது ஒன்று மட்டுமன்று. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திசையன்விளை வரை ஒரு சிறிய ரயில் ஓடியதை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவர்? பதனீரிலிருந்து சர்க்கரை காய்ச்சிய ஆலையோடு சேர்ந்து பிறந்த பாதை அது; 1940இல் மூடப்பட்டது. தேரிக் காட்டுப் பனைகளுக்கு இடையே அதன் தடத்தைத் தேடிப் பிடிப்பதே இப்போது அரிது. அதே குலசேகரன்பட்டினத்தில் விண்கலம் ஏவும் தளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பாதையை மூடியது வரவு செலவுக் கணக்கு. கணக்கு மூடிய நிலையத்தின் மக்கள் வேறு பிழைப்புத் தேடிப் போக முடிந்தது. கடல் மூடிய நிலையத்தின் மக்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

தனுஷ்கோடி அழிந்த ஆண்டு அக்டோபர் 30 அன்றுதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கையின் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என முடிவாயிற்று. பின்னாட்களில் அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்தம் பாட்டன்மார் எந்த நிலையத்தில் இறங்கிக் கப்பலுக்கு நடந்தார்களோ, அந்த நிலையம் பேரர்கள் திரும்பி வந்தபோது இல்லை. எம் பாட்டனார் சொன்ன துணி மூட்டைகளை அப்போது நினைத்துக்கொண்டோம்.

இனி, இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம்.

புயலுக்குப் பின் எம் கரையில் ஒரு பேச்சு பரவியது. “அது பாவம் செஞ்ச ஊரு. கள்ளக்கடத்தல், குடி, என்னென்னமோ. அதான் ஆண்டவர் தொடச்சிட்டாரு.” சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏன் என்று விளங்காத பேரழிவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனம் ஆறுதல் கொள்கிறது. அவர்கள் பாவம் செய்தார்கள், நாம் செய்யவில்லை. ஆகவே அலை நம்மிடம் வராது. இப்படி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு நாம் உறங்கப் போகிறோம். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தந்தை எழுந்து வெளியே போய்விடுவார். மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

1970களில் ஒரு தவக்கால ஞாயிறு. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்ற எவரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என எண்ணுகிறீர்களா என்று ஆண்டவர் கேட்டதையும், அப்படி அல்ல என அவரே விடை சொன்னதையும் பங்குத்தந்தை விளக்கினார். “இறந்தவர்களின் பாவத்தை எண்ணாதீர்கள், உயிரோடிருக்கும் உங்கள் மனத்தை மாற்றுங்கள் என்பதே பொருள்” என்றார். தனுஷ்கோடி என்ற பெயரை அவர் சொல்லவில்லை. அவர் வேறு ஊரிலிருந்து வந்தவர்.

திருப்பலி முடிந்ததும் தந்தை வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்கு நடந்தார். நாமும் பின்னால் சென்றோம். தோணிகள் கரையேற்றிக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். நமக்கு அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளாக அந்த அஞ்சலட்டையைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு சொல் பேசியதில்லை. கடலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

“எழுதினவன் நீ இல்லலே. சொன்னவன் நான்.”

பத்தாண்டுகளுக்கு மேலாக நம் நெஞ்சில் என்ன கிடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம் பாரத்தோடு நம் பாரத்தையும் அவர் சேர்த்துச் சுமந்திருக்கிறார். நமக்கு அழுகை வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். சற்று நேரம் கழித்து, “பங்கு கேட்டா குடுத்திருக்கலாம். ரெண்டு ரூமு இருந்துச்சு” என்றார்.

அந்த ஆண்டு நவம்பரில், இறந்தோர் திருப்பலிக்குப் பெயர்கள் எழுதித் தரும் தாளில் ஐந்து பெயர்களையும் முதன்முறையாக எழுதச் சொன்னார். நாம் எழுதினோம். அவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் கூடியிருந்த திருப்பயணிகள் பலர் மாண்டனர். அப்போதும் எங்கோ சிலர் பழைய பேச்சைத் தொடங்கினார்கள். அன்னையின் காலடிக்குச் செபிக்கச் சென்ற தாய்மாரும் குழந்தைகளும் எந்தப் பாவத்துக்காக இறந்தார்கள்? இக்கேள்விக்கு முன் அந்தப் பேச்சு நிற்காது. தாழ்ந்த மணல்மேல் ஊர் இருந்தது. பெரும் புயல் வந்தது. எச்சரித்து அப்புறப்படுத்த அன்று வழியில்லை. ஊர் அழிந்ததற்குக் காரணம் இவ்வளவே. அக்கரையில் இலங்கை மண்ணிலும் அதே புயல் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. இன்று புயலின் வழியைப் பல நாட்களுக்கு முன்பே கணித்துச் சொல்கிறார்கள். மீனவரைக் கரைக்கு அழைக்கிறார்கள். பாவத்தின் கூலி என்று சொல்லிக் கைகட்டி நின்றிருந்தால் இந்த ஏற்பாடுகள் வந்திருக்குமா?

தந்தை மறைந்த பிறகே நாம் தனுஷ்கோடியைப் பார்த்தோம். அப்போது சாலை கிடையாது. மணலிலும் ஓரத்துத் தண்ணீரிலும் இறங்கி ஏறும் ஒரு வேனில், இருக்கையைப் பற்றிக்கொண்டு போனோம். சிறுவயதில் கற்பனை செய்த திண்ணையைத் தேடினோம். பவளப் பாறைக் கற்களால் கட்டிய சுவர்கள் சிதைந்து நின்றன. ரயிலுக்குத் தண்ணீர் தந்த தொட்டியின் தூண்கள் நின்றன. கூரையில்லாத ஆலயத்தில் பீடம் இருந்த இடம் தெரிந்தது. அதன்மேல் வானம் இருந்தது. மணலுக்குள்ளிருந்து துருப்பிடித்த இரும்பு சில இடங்களில் தலை நீட்டிற்று. அங்கே இன்னும் மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வாழத் தகுதியற்றது என அரசு எழுதிய மண்ணில், கையால் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து ஒரு மூதாட்டி நமக்குக் குடிக்கத் தந்தார். இருபுறமும் உப்புக் கடல். நடுவே இந்த இனிய நீர். அத்தை பிறந்த மண்ணின் நீரை அன்றுதான் நாம் சுவைத்தோம்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இப்போது பேருந்துகளும் கார்களும் வரிசையாகப் போகின்றன. நிலையத்தின் சுவர் முன் நின்று இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொரித்த மீனும் சங்கு மாலையும் விற்கிறார்கள். அதைக் கண்டு நமக்குக் கோபம் வரவில்லை. பிழைப்பு போன இடத்துக்குப் பிழைப்பு திரும்பி வந்திருக்கிறது. எம் பாட்டனார் மகிழ்ந்திருப்பார். ஆனால் ‘பேய் நகரம்’ என்று சொல்லி அழைத்துவருவதைக் கேட்கும்போது மனம் சுருங்குகிறது. அங்கே இறந்தவர்கள் பேய்கள் அல்லர். அவர்கள் அத்தைமார், மாமன்மார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீட்டு வாங்கி ரயிலேறியவர்கள்.

இராமேசுவரத்திலிருந்து மீண்டும் பாதை போட 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது, வேலை நிறைவேறவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில்கள் 2022 டிசம்பர் 23இல் நிறுத்தப்பட்டன; அந்தத் தேதியைப் படித்தபோது சற்றே திடுக்கிட்டோம். அருகில் எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அக்கரையில், போரினால் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருபுறமும் ரயில்கள் வந்து நிற்கின்றன. நடுவில் உள்ள நிலையம் மட்டும் இல்லை. மீண்டும் அது எழ வேண்டுமா என்று கேட்டால், நமக்கு விடை தெரியும். எம் அத்தையின் கடலறிந்த தலைமுறையே அந்த மணலில் தப்ப முடியவில்லை. மணலையும் காற்றையும் அவற்றின் போக்கில் விட்டுவிடுவதே நல்லது. நினைவுக்கு நிலையம் கட்ட இரும்பும் சிமெண்டும் தேவையில்லை.

இவ்வாண்டும் நவம்பர் வருகிறது. பெயர்த் தாளில் ஐந்து பெயர்களுக்குக் கீழே தந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் எழுதுவோம். 653ஆம் எண் ரயிலில் இருந்த அனைவருக்கும் என்று ஒரு வரியும் சேர்ப்போம். பங்குத்தந்தை மாறும்போதெல்லாம் அந்த வரிக்கு விளக்கம் கேட்பார்கள், சொல்வோம்.

அன்பு வாசகரே, உம் வீட்டிலும் ஒரு கடிதம் பதிலுக்குக் காத்திருக்கலாம். ஒரு சிறு வீடு, ஒரு பங்கு, யாரோ பருக்கவைத்த ஒரு சொல், அதன் பொருட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என நீர் தள்ளிவைத்த ஓர் உறவு இருக்கலாம். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறது. வரச் சொல்லி எழுதுவீர்.